சமையல் படிப்பு: மகளை எங்கே சேர்ப்பது? எதைப் பார்த்துச் சேர்ப்பது?

அம்பை தவசிப்பிள்ளை | ஞாயிறு, இரவு 9.15

எல்லாருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரன். கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட். 27 வருடமாக இதுதான் பிழைப்பு. ஐந்நூறு இலைக்குச் சொதி வைக்க எத்தனை தேங்காய் என்று நடுராத்திரி எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். இப்போது கேட்கப்போவது எனக்குத் துளியும் பிடிபடாத விஷயம்.

மகள் பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்திருக்கிறாள். நர்சிங், பி.காம். என்று எதைச் சொன்னாலும் தலையை ஆட்ட மாட்டேன் என்கிறாள். சமையல்தான் படிப்பாளாம். "உங்களை மாதிரி ஆக்குப்புரையில் இல்லை அப்பா, பெரிய ஓட்டல் கிச்சனில்" என்றாள். அவள் அம்மா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. கரண்டி என்னோடு போகட்டும் என்று நினைத்திருந்தவள்.

போன வாரம் ஒரு தனியார் கல்லூரியிலிருந்து ஒரு தம்பி வீடு தேடி வந்தார். வழவழவென்று ஒரு புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் வெள்ளைத் தொப்பி, கப்பல், துபாய்க் கட்டடம். மூன்று வருடப் படிப்பு, வருடத்துக்கு 1 லட்சத்து 40 ஆயிரம், வேலை நூற்றுக்கு நூறு உறுதி. இந்த வாரமே 5,000 கட்டினால் சலுகை உண்டாம். பணத்தை எடுக்கப் போனேன், மகள்தான் கையைப் பிடித்து நிறுத்தினாள். "விசாரிச்சிட்டுக் கட்டலாம்" என்றாள்.

விசாரிக்கிறேன். சொல்லுங்கள்.

ஆலங்குளம் சரக்குமாஸ்டர் | ஞாயிறு, இரவு 9.52

அண்ணாச்சி, கோபப்படாதீங்க. வீட்டுக்குள்ளே கிணற்றை வைத்துக்கொண்டு தண்ணீர் லாரிக்கு ஏன் காத்திருக்கிறீர்கள்? நான் எட்டாவது ஃபெயில். 14 வயதில் எச்சில் இலை எடுக்க வந்தேன். அப்புறம் வெங்காயம், அப்புறம் பரோட்டாக் கல், இப்போது சரக்கு மாஸ்டர், சொந்தக் கடை. படித்துவிட்டு வந்த பையன்கள் ரெண்டு பேரை வைத்துப் பார்த்தேன். சால்னா கொதிக்கும்போது போனில் ஏதோ பார்த்துக்கொண்டு நிற்கிறான். நாலு லட்சத்துக்கு மேல் கல்லூரியில் கொட்டுவதற்கு ஒரு கடையே போட்டுக் கொடுக்கலாம்.

தரமணி பேட்ச் | ஞாயிறு, இரவு 10.20

கடை போடுவது வேறு, ஓட்டல் கிச்சனில் ஏறுவது வேறு. அந்தப் பெண் கேட்பது இரண்டாவது.

நான் பாளையங்கோட்டையில் வளர்ந்தவன், தரமணி ஐ.எச்.எம்.மில் படித்தேன். ஐ.எச்.எம். என்றால் ஓட்டல் நிர்வாகக் கல்லூரி; இது 1963-ல் தொடங்கிய மத்திய அரசுக் கல்லூரி. இப்போது சென்னையில் ஒரு ஓட்டலில் சூஸ் செஃப், அதாவது எக்ஸிகியூடிவ் செஃப்புக்கு அடுத்த ஆள்.

அண்ணாச்சி, முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நம் ஊரில் ‘கேட்டரிங்’ என்று சொல்கிற படிப்பில் பெரும்பாலானவை சமையல் படிப்பே கிடையாது. ஓட்டல் நிர்வாகப் படிப்பு. முதல் வருடம் கிச்சன், பரிமாறுதல், வரவேற்பு மேசை, ஹவுஸ்கீப்பிங் நான்கையும் சமமாக ஓட்டுவார்கள். நான் மெத்தை விரிப்பை மடிப்புக் குலையாமல் போடப் பயின்ற நேரத்தில் பாதிகூட ரொட்டி அடுப்பின் முன்னால் நின்றதில்லை. நடுவே ஒரு செமஸ்டர் ஓட்டலில் பயிற்சி. கடைசி வருடம்தான் கிச்சன் பக்கம் ஒதுங்க முடியும். அது கெட்ட படிப்பு என்று சொல்லவில்லை, எனக்குச் சோறு போடுவது அதுதான். ஆனால் கரண்டி மட்டுமே பிடிக்க நினைக்கிற பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

கிச்சன் மட்டும் வேண்டும் என்றால் ஐ.எச்.எம்.களிலேயே ஒன்றரை வருட உணவுத் தயாரிப்பு டிப்ளமோ இருக்கிறது. பிளஸ் டூ போதும். சமையல் கலைக்கென்றே பட்டப்படிப்பு வேண்டும் என்றால் மத்திய சுற்றுலாத் துறையின் இந்தியன் கலினரி இன்ஸ்டிட்யூட் திருப்பதியிலும் நொய்டாவிலும் இருக்கிறது. மணிப்பாலிலும் உண்டு, செலவு நம் கைக்கு எட்டாது. பாரீஸில் லெ கார்டன் ப்ளூ என்ற சமையல் பள்ளி 1895-லிருந்து நடக்கிறது, பெயருக்கு மரியாதை உண்டு. பாபநாசம் ரோட்டில் நாலு சென்ட் நிலம் விற்க வேண்டியிருக்கும்.

ஆலங்குளம் சரக்குமாஸ்டர் | ஞாயிறு, இரவு 10.31

சரி சார், ஒரே கேள்வி. சொதியில் முதல் தேங்காய்ப் பால் எப்போது விட வேண்டும்?

தரமணி பேட்ச் | ஞாயிறு, இரவு 10.40

கடைசியில். பருப்பும் காயும் மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் வெந்த பிறகு, இஞ்சி பச்சைமிளகாய் விழுது போட்டு, முதல் பாலை விட்டு நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். எலுமிச்சை அடுப்பை அணைத்த பிறகு. என் ஆச்சி சொல்லிக் கொடுத்தது.

ஏன் கொதிக்க விடக் கூடாது என்று ஆச்சி சொல்லவில்லை. தரமணியில் சொன்னார்கள். தேங்காய்ப் பாலில் எண்ணெய்த் துளிகளைத் தண்ணீரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பது அதிலுள்ள புரதம். சூடு மிஞ்சினால் புரதம் இறுகிவிடும், எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். புளிப்பைக் கொதியில் விட்டாலும் அதே கதி. இது தெரிந்ததால் மற்ற ஊர்ச் சமையலில் இதே மாதிரி திரியும் குழம்பு எது வந்தாலும் எனக்குப் பயமில்லை. படிப்பு கொடுப்பது அவ்வளவுதான், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

ஆலங்குளம் சரக்குமாஸ்டர் | ஞாயிறு, இரவு 10.44

பாஸ்.

வண்ணாரப்பேட்டை டீச்சர் | திங்கள், காலை 6.30

பள்ளி கிளம்பும் அவசரத்தில் எழுதுகிறேன்.

ஐ.எச்.எம்.களில் மூன்று வருட பி.எஸ்சி.யில் சேர நாடு முழுவதற்கும் ஒரே நுழைவுத் தேர்வு, என்.சி.எச்.எம். ஜே.இ.இ. தேசியத் தேர்வு முகமைதான் நடத்துகிறது. கணக்கு, ரீசனிங், பொது அறிவு எல்லாம் வரும். நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது ஆங்கிலத்தில். பிளஸ் டூ பரீட்சை முடிந்த பிறகு விசாரித்தால் பெரும்பாலும் விண்ணப்பத் தேதி போயிருக்கும். அரையாண்டு விடுமுறையின்போதே கண் வைத்திருக்க வேண்டும். ஆனால் மேலே சொன்ன ஒன்றரை வருட டிப்ளமோவுக்கு இந்தத் தேர்வு வேண்டியதில்லை. ஆகவே கதவு மூடிவிட்டது என்று மனசு விட வேண்டாம்.

எல்லோரும் தரமணி, தரமணி என்கிறீர்கள். அம்பையிலிருந்து பார்த்தால் கோவளம் ஐ.எச்.எம். எவ்வளவு பக்கம்! திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் 150 கிலோமீட்டர் சுமார்தான். அதுவும் மத்திய அரசுடையதே. திருச்சி துவாக்குடியில் மாநில அரசின் கல்லூரி இருக்கிறது. ஏனோ நம் பக்கத்துப் பெற்றோருக்குச் சென்னைதான் கண்ணுக்குத் தெரிகிறது.

எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்: தரமணியில் பட்டப்படிப்போ ஒன்றரை வருடப் படிப்போ படிக்கக் கட்டணத்தைத் தாட்கோ (தமிழக அரசின் ஆதிதிராவிடர் மேம்பாட்டுக் கழகம்) ஏற்றுக்கொள்ளும் திட்டம் இருக்கிறது. பத்தாவது முடித்தவர்களுக்குக்கூட ஒரு படிப்பு உண்டு. போன வருடம் என் மாணவன் ஒருவன் வீட்டில், அரசாங்கம் சும்மா படிக்க வைக்குமா என்று நம்பவே மறுத்தார்கள்.

அம்பை தவசிப்பிள்ளை | திங்கள், மதியம் 2.10

டீச்சருக்கு நன்றி. தாட்கோ எங்களுக்குப் பொருந்தாது. அரசுக் கல்லூரி என்றால் செலவு குறையும்தானே?

தரமணி பேட்ச் | திங்கள், மதியம் 2.25

அந்த நினைப்பில் இருக்காதீர்கள் அண்ணாச்சி. பட்டப்படிப்புக்கு வருடம் ஒரு லட்சம் தாண்டும். விடுதி, சீருடை, கத்தி செட், முன்பக்கம் இரும்பு வைத்த ஷூ எல்லாம் தனி. உள்ளூர்க் கலைக் கல்லூரிகளில் இருக்கிற கேட்டரிங் பட்டப்படிப்பு இதைவிடக் குறைவாகவே முடியும். ஆனால் கத்தியை மட்டும் மலிவாக வாங்காதீர்கள்.

பாளைப்பொண்ணு | திங்கள், இரவு 8.05

நான் படித்த கதையைச் சொல்கிறேன். கல்லூரி பெயர் வேண்டாம்.

வகுப்பில் 52 பேர். கிச்சனில் வேலை செய்கிற அடுப்பு நான்கு. வாரம் ஒருநாள் பிராக்டிகல். எட்டுப் பேர் ஒரு குழு, குழுவுக்கு ஒரு டிஷ். ஒருத்தி கிண்டுவாள், ஒருத்தன் வெட்டுவான், மற்ற ஆறு பேர் வேடிக்கை. முதல் செமஸ்டர் முழுக்க நான் தொட்ட கோழி ஒன்றே ஒன்று. பெஷமெல் என்ற வெள்ளை சாஸை போர்டில் எழுதிப் போட்டார்கள், மார்க்கும் வாங்கினேன். முதல்முறை அதைக் கிண்டியது வேலைக்குப் போன இடத்தில். கட்டி கட்டியாகத் திரண்டது, செஃப் சட்டியோடு குப்பைத் தொட்டியில் கவிழ்த்தார்.

வேலை உறுதி என்றார்கள். உண்மைதான், கொடுத்தார்கள். பரிமாறும் வேலை, ஊர் பெயர் கேள்விப்படாத ஒரு ஓட்டலில். ‘பிளேஸ்மென்ட்’ என்ற கணக்கில் அதுவும் ஒன்று. எந்த ஓட்டல் என்று கேட்டால் போதாது, எந்தப் பதவி என்று கேளுங்கள். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைப் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள்.

இரண்டாம் வருடம் விலகலாம் என்று பார்த்தால், மார்க் ஷீட் ஒரிஜினல் எல்லாம் அவர்களிடம். மீதி வருடத்துக் கட்டணத்தையும் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். பயந்துகொண்டு படித்து முடித்தேன். ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2018-லேயே அறிவித்திருக்கிறது என்பது அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அங்கிள், அந்த 5,000-ஐக் கட்டாதீங்க.

கப்பல்கமி | திங்கள், இரவு 11.48

கப்பல் படம் போட்டிருந்ததா? சிரிப்பு வருகிறது. நான் இதை எழுதுவது கப்பலிலிருந்துதான், கொக்கிரகுளத்துப் பையன்.

பயணிகள் கப்பலில் நேராகக் கல்லூரியிலிருந்து கிச்சனில் பெரும்பாலும் ஏற முடியாது. நல்ல ஓட்டலில் ஒன்றிரண்டு வருட அனுபவம் கேட்பார்கள். அப்புறம் எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற பாதுகாப்புப் பயிற்சி, சி.டி.சி. என்ற மாலுமி அடையாளப் புத்தகம், மருத்துவச் சோதனை, அமெரிக்கத் துறைமுகம் போகிற கப்பல் என்றால் அந்த விசா. ஆறிலிருந்து ஒன்பது மாத ஒப்பந்தம். தினமும் பத்துப் பதினோரு மணி நேரம். வார லீவு என்று ஒன்று கிடையாது. பணம் சேரும், மறுக்கவில்லை. போன பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வர முடியாமல் நடுக்கடலில் முட்டை உடைத்துக்கொண்டிருந்தேன்.

ஏஜெண்ட் விஷயம்: ஆள் எடுக்கிற நிறுவனத்துக்கு ஆர்.பி.எஸ்.எல். என்ற கப்பல் துறை உரிமம் இருக்க வேண்டும். வேலை வாங்கித் தர மாலுமியிடம் கமிஷன் வாங்கக் கூடாது என்பது சட்டம். பாஸ்போர்ட், மெடிக்கல் மாதிரி செலவுதான் நம்முடையது. லட்சம் கேட்டால் ஓடிவிடுங்கள்.

ஆலங்குளம் சரக்குமாஸ்டர் | செவ்வாய், காலை 5.20

நான் சொன்னதைத்தானே எல்லாரும் சுற்றி வளைத்துச் சொல்கிறீர்கள்? அண்ணாச்சி, பிள்ளையை உங்களோடு கூட்டிட்டுப் போங்க. ரெண்டு முகூர்த்த சீசன் போதும்.

அம்பை தவசிப்பிள்ளை | செவ்வாய், இரவு 9.30

தம்பி, கூட்டிப் போகாமல் இருப்பேனா? பத்தாவது லீவிலிருந்து வருகிறாள். அங்கேதான் வம்பு தொடங்கியது.

போன தை மாதம் ஒரு மறுவீட்டுச் சாப்பாடு. 300 இலை. சாம்பாருக்கு நான் கையால் உப்பு அள்ளிப் போடுவேன், அப்படியே பழக்கம். இவள் ஒரு சின்ன எலெக்ட்ரானிக் தராசு கொண்டுவந்திருந்தாள். "அப்பா, ஒரு கை உப்பு இதில் போடுங்க" என்றாள். போட்டேன். 62 கிராம். இன்னொரு கை: 57. மூன்றாவது: 64. அதை நோட்டில் எழுதினாள். அப்புறம் கேட்டாள், "உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு யார் கை?"

எனக்குப் பதில் வரவில்லை. என் அப்பாவுக்குத் தெரிந்த இடிசாம்பார்ப் பொடிப் பக்குவம் ஒன்று உண்டு, வறுத்து இடித்துப் போடுவார், மூன்று தெருவுக்கு மணக்கும். அவர் ஒரு ஆடி மாதம் திடீரென்று போய்விட்டார். அந்தப் பொடி இன்றுவரை எனக்குச் சரியாக வரவில்லை. எவ்வளவு தனியா, எவ்வளவு வறுவல் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. எனக்கு அப்படி அளவு எழுதி வைக்கவும் தெரியாது, இலைக்கு என்ன அடக்கம் என்று கணக்குப் போடவும் தெரியாது. குத்துமதிப்பாக ரேட் பேசி இரண்டு சீசனில் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன்.

என்னிடம் இருப்பது கைக்கணக்கு. அவளுக்கு வேண்டியது எழுத்துக்கணக்கு. அதை நான் கொடுக்க முடியாது.

பாளைப்பொண்ணு | செவ்வாய், இரவு 9.41

அங்கிள், உங்க மகளை எனக்குப் பிடித்துவிட்டது.

தரமணி பேட்ச் | செவ்வாய், இரவு 10.15

அண்ணாச்சி, இதற்குப் பிறகு நான் புத்தகத்தைப் பார்த்து எதுவும் சொல்ல மாட்டேன். நீங்களே நேரில் போய்ப் பாருங்கள். உங்களைவிட நன்றாகக் கிச்சனைப் படிக்கத் தெரிந்த ஆள் இந்த இழையில் கிடையாது. கட்டடத்தைச் சுற்றிக் காட்டுவார்கள், கும்பிட்டுவிட்டுக் கிச்சனுக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். பிராக்டிகல் நடக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள். பிராக்டிகலுக்குச் சாமான் வாங்கும் இண்டென்ட் நோட்டு ஒன்று இருக்கும், அதைக் கேளுங்கள். இருபது பிள்ளைகளுக்கு எத்தனை கிலோ வாங்கினார்கள் என்று பார்த்தால் ஒவ்வொரு பிள்ளையும் தனியாகச் சமைத்ததா, கூட்டமாக நின்றதா என்று உங்களுக்கே விளங்கிவிடும். கற்றுத் தருகிறவர் எந்த ஓட்டல் கிச்சனில் எத்தனை வருடம் நின்றார் என்று கேளுங்கள். பட்டமோ டிப்ளமோவோ யார் பெயரில் வருகிறது என்பதும் முக்கியம். பல்கலைக்கழகமா, தொழில்நுட்பக் கல்வித் துறையா, இல்லை அந்த டிரஸ்டே அச்சடித்துக் கொடுப்பதா?

கடைசியில் கல்லூரி வாசல் டீக்கடையில் ஒரு டீ குடியுங்கள். இரண்டாம் வருடப் பிள்ளைகள் அங்கேதான் உண்மை பேசுவார்கள்.

அம்பை தவசிப்பிள்ளை | சனி, இரவு 10.05

இரண்டு இடம் போய் வந்தோம், நானும் மகளும்.

முதலாவது அந்தப் புத்தகம் கொண்டுவந்த கல்லூரி. வாசலில் நீரூற்று. பரிமாறிப் பழகும் அறையில் சரவிளக்கு. கிச்சனுக்குப் போனோம். பாத்திரங்களைத் தலைகீழாகக் கவிழ்த்து வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் அடியையும் பார்த்தேன். புதுசாக வாங்கிவந்த மாதிரி பளபளவென்று இருந்தது. ஒரு சட்டி ஒரு வருடம் தீயைப் பார்த்திருந்தால் அடி நிறம் மாறாமல் இருக்காது, எவ்வளவு புளி போட்டுத் தேய்த்தாலும் அடுப்புத் தழும்பு போகாது. பர்னரில் பால் பொங்கி வழிந்த தடம்கூட இல்லை. கத்திகள் கண்ணாடி அலமாரியில், பூட்டு போட்டு. இண்டென்ட் நோட்டு கேட்டேன். பிரின்சிபால் லீவு என்றார்கள்.

இரண்டாவது ஒரு பழைய கலைக் கல்லூரி. கேட்டரிங் துறை பின்பக்கம், ஓடு போட்ட கட்டடம். மாடிப்படி ஏறும்போதே கருகின வெங்காய வாசம். உள்ளே இருபத்திரண்டு பிள்ளைகள், ஆளுக்கொரு பலகை. நாலைந்து பேர் விரலில் பிளாஸ்திரி. ஒரு வாத்தியார் ஒரு பையனைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தார். சமைத்த கோழியை எத்தனை மணி நேரம் வெளியே வைத்தாய், 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே கிருமி எப்படிப் பெருகும், அன்றைக்கு என்ன சொன்னேன் என்று. நான் கல்யாண வீட்டில் காலையில் பிசைந்து மதியம் பரிமாறுகிற தயிர்ச்சாதம் நினைவுக்கு வந்தது, பேசாமல் நின்றேன். நோட்டைக் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்தார். மஞ்சள் கறையும் எண்ணெய்ப் பிசுக்குமாக இருந்தது. அவர் 11 வருடம் ஓட்டலில் இருந்தவராம்.

டீக்கடையிலும் விசாரித்தோம். இங்கே பேக்கரி ஓவன் ஒன்று ஆறு மாதமாக ரிப்பேராம். விடுதியும் சுமார் என்றார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

மகள் கணக்கு இப்படி: கோவளத்திலோ தரமணியிலோ அந்த ஒன்றரை வருட டிப்ளமோவுக்கு முதலில் மனுப் போடுவது. கிடைக்காவிட்டால் இந்த ஓட்டுக் கட்டடம். அவள் அம்மா கோவளம் என்றால் சரி, போகிற வழியில் சுசீந்திரம் கும்பிடலாம் என்கிறாள்.

கப்பல்கமி | ஞாயிறு, அதிகாலை 3.12

பாத்திரத்தின் அடியைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே அண்ணாச்சி.

வண்ணாரப்பேட்டை டீச்சர் | ஞாயிறு, காலை 7.45

மனுப் போடும்போது இரண்டு கல்லூரிகளின் இணையதளத்தையும் வாரம் ஒருமுறை நீங்களே பாருங்கள். பிரௌசிங் சென்டர்க்காரர் சொல்வார் என்று விட்டுவிடாதீர்கள். ரிசல்ட் வருவதற்குள் சாதி, வருமானச் சான்றிதழ்களை வாங்கி வைத்துவிடுங்கள். பிள்ளை இங்கிலீஷ் பேசப் பழகட்டும், கிச்சனில் ஆர்டர் கூப்பிடுவதே அதில்தான்.

ஆலங்குளம் சரக்குமாஸ்டர் | ஞாயிறு, காலை 8.10

ரிசல்ட் வர இன்னும் நாள் கிடக்கிறது. சும்மா வீட்டில் ஏன் இருக்க வேண்டும்? ஒரு மாதம் நம் கடைக்கு அனுப்புங்க. கல்லாவில் என் வீட்டுக்காரிதான் உட்கார்ந்திருக்கிறாள், பயப்பட வேண்டாம். பகல் நேரம் மட்டும். கல்யாணச் சமையல் ஒரே நேரத்தில் ஐந்நூறு பேருக்கு. கடையில் ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியாக, இப்போதே வேண்டும் என்று கேட்பான். அந்த நெருக்கடி தாங்குகிறாளா என்று அவளே பார்த்துக்கொள்ளட்டும். சம்பளமும் தருவேன், சும்மா வேலை வாங்க மாட்டேன்.

அம்பை தவசிப்பிள்ளை | ஞாயிறு, காலை 8.55

முதல் நாள் அவள் அம்மாவும் கூட வருவாளாம். பரவாயில்லையா தம்பி?

ஆலங்குளம் சரக்குமாஸ்டர் | ஞாயிறு, காலை 8.57

வரட்டும். சாப்பிட்டுவிட்டே போகட்டும்.

பாளைப்பொண்ணு | 19 நாள் கழித்து, இரவு 9.20

அங்கிள், என்ன ஆச்சு? தங்கச்சி கடைக்குப் போகிறாளா?

ஆலங்குளம் சரக்குமாஸ்டர் | அதே நாள், இரவு 11.30

அண்ணாச்சி இன்றைக்குக் கடையத்தில் கல்யாணம், தூங்கியிருப்பார். நான் சொல்கிறேன்.

பிள்ளை வருகிறது. முதல் வாரம் வெங்காயத்திலேயே அழுதாள், விரலில் இரண்டு வெட்டு. சனிக்கிழமை ராத்திரிக் கூட்டத்துக்கு நானும் வருகிறேன் என்று அடம், அவள் அப்பாவிடம் கேட்டுத்தான் விட்டேன். சால்னா அடி பிடிக்கவில்லை, ஒரு பார்சல்கூடத் தப்பவில்லை.

ஆனால் அந்தத் தராசு இருக்கிறதே! என் மசாலா டப்பாக்களை ஒவ்வொன்றாக அதில் வைத்து நோட்டில் எழுதிக்கொண்டே இருக்கிறாள். சோம்பு இத்தனை கிராம், கல்பாசி இத்தனை கிராம் என்று. முதலில் எரிச்சலாக இருந்தது, தொழில் ரகசியம் இல்லையா. நேற்று எனக்கே ஒரு சந்தேகம் வந்து அவளிடம்தான் கேட்டேன், திங்கள்கிழமைச் சால்னாவுக்கு எவ்வளவு போட்டேன் என்று. பக்கத்தைப் புரட்டிச் சொன்னாள்.

கல்லூரிக்குப் போகும் முன்னால் அந்த நோட்டை ஜெராக்ஸ் எடுத்து எனக்கு ஒரு பிரதி கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.